கவுண்ட் நார்மல் என்றால் ஆணுக்குக் குறையே இல்லையா?

மூன்றாவது முறையும் கரு கலைந்து போய்க் கம்பத்தில் என்னைப் பார்க்க வந்த பெண்ணிடம் ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட் இருந்தது. தைராய்டு, சர்க்கரை, விதவிதமான ஸ்கேன், கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தது என எல்லாம் அவர் பெயரில். கணவர் பெயரில் ஒரே ஒரு தாள்தான், கல்யாணமான புதிதில் எடுத்த விந்துப் பரிசோதனை. "அவனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், கவுண்ட் நார்மல்" என்று கூட வந்த மாமியார் சொன்னார். மகன் வரவில்லை. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை, லீவு கிடைக்காதாம்.

குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கவுண்ட் என்பது எண்ணிக்கை. ஒரு மில்லி விந்தில் எத்தனை விந்தணு, எத்தனை நீந்துகிறது, எத்தனைக்கு வடிவம் சரி என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு எண்ணிக்கைக்கு 1.6 கோடி, அசைவுக்கு 42 சதவீதம், வடிவத்துக்கு 4 சதவீதம் என்று கீழ்வரம்பு தருகிறது. இது பாஸ் மார்க் இல்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதம் பேர் எந்த எண்ணுக்குக் கீழே வந்தார்களோ அதையே கோடாக வைத்தார்கள். கோட்டுக்குக் கீழே இருந்து அப்பா ஆனவர்கள் உண்டு. மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. நிறத்தையும் பருமனையும் மட்டும் பார்த்து ஏலக்காய் வாங்குவீர்களா? உரித்து உள்ளே விதை எப்படி என்று பார்ப்பீர்கள்தானே?

அணுவுக்கு உள்ளே இருப்பது டி.என்.ஏ. என்னும் மரபு இழை. கருவில் பாதி ஆணுடையது. அந்த இழை துண்டுபட்டிருந்தாலும் அணு நன்றாகவே நீந்தும், முட்டைக்குள்ளும் போய்விடும். ஓரளவு சேதத்தை முட்டையே சரிசெய்யும். பெண்ணின் வயது ஏற ஏற அந்தத் திறன் குறையும். சரியாகாத சேதம் மிஞ்சினால் கரு தங்காமல் போகலாம், தங்கியும் கலையலாம். பழி மட்டும் மருமகள் மேல்.

இதைப் பார்க்கத்தான் டி.என்.ஏ. ஃபிராக்மென்டேஷன் டெஸ்ட். ரிப்போர்ட்டில் டி.எஃப்.ஐ. என்று வரும், சேதமான அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்று பொருள். பொதுவாக 15க்குக் கீழே நல்லது, 30க்கு மேல் அதிகம் என்பார்கள். முறைக்கு முறை வரம்பு மாறும், அதனால் ஒரு லேப் எண்ணை இன்னொரு லேப் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அதற்காக எல்லோரும் ஓட வேண்டாம். முதல் பரிசோதனையிலேயே இது தேவையில்லை என்றுதான் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதியில் ஆணுக்குச் செய்யச் சொல்கிறது. நான் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பேன்: காரணம் தெரியாமல் ஐ.வி.எஃப். என்னும் சோதனைக்குழாய் சிகிச்சை தோற்றவர், விதைப்பையில் ரத்தக்குழாய் சுருண்டு வீங்கிய வெரிகோசில் உள்ளவர். கல்யாணமாகி ஆறு மாதம் ஆன சின்னப் பையனுக்கெல்லாம் பேக்கேஜில் சேர்த்து இதை விற்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

எண் அதிகமாக வந்தால் பயப்படாதீர்கள். புது அணு உருவாக ஏறக்குறைய 74 நாள். காரணத்தைச் சரிசெய்துவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். பீடி, சிகரெட்டை விடுங்கள், குறைப்பது போதாது. வெரிகோசில் இருந்தால் ஆபரேஷன் பலருக்கு உதவும். டப்பா டப்பாவாகச் சத்துப் பவுடர் வாங்காதீர்கள். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சத்து மாத்திரைகளால் டி.என்.ஏ. சேதம் குறையவில்லை.

பூச்சிமருந்துக்கும் இந்தச் சேதத்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பிகளே, வெறும் கையால் மருந்து கலக்காதீர்கள். எதிர்க்காற்றில் அடிக்காதீர்கள். அடித்த உடுப்போடு ஜீப் ஏறாமல், அங்கேயே குளித்து மாற்றிவிட்டு வாருங்கள். கையுறை கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பார், முறைக்கட்டும், கேளுங்கள்.

இரண்டு முறை கலைந்துவிட்டால் மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் இருவரும் சேர்ந்தே வாருங்கள். வரும்போது பழைய காய்ச்சலையும் சொல்லுங்கள், கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் டெஸ்ட். சாம்பிளுக்கு முன் இரண்டு நாளைக்குக் குறையாமல், ஏழு நாளைக்கு மேல் போகாமல் உறவிலிருந்து விலகி இருந்தால் போதும். நிறைய சேரட்டும் என்று பதினைந்து நாள் காத்திருக்காதீர்கள். தேங்கிக் கிடக்கும் அணுக்களில்தான் சேதம் கூடும்.