பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வேண்டாம்

நிறை குறைந்த பிள்ளைகளையே தேடிப் பழகிய வன்னி கிளினிக்குகளில், நிறை கூடிய பிள்ளை வந்தால் "நல்ல வளர்த்தி" என்று பாராட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. 2009இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அப்பம்மாவிடம் "பேரனுக்குச் சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். தலையாட்டுவார். வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு பிடி ஊட்டுவார். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் முதலில் வீட்டில் யார் யார், யார் என்ன கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். 4 வயதுப் பொடியன் ஒருவன், 24 கிலோ. அந்த வயதில் சராசரி 16 கிலோ அளவுதான். "சோறு பெரிசாத் தின்னமாட்டான் டொக்டர்" என்றார் தாய். உண்மைதான். காலையும் இரவும் போத்தலில் சீனி போட்ட மாப்பால், முன்பள்ளிக்குக் கிரீம் பிஸ்கட், பின்னேரம் அப்பப்பாவின் சைக்கிளில் கடைக்குப் போனால் சோடா, இரவுச் சாப்பாடு போனைப் பார்த்தபடி. ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்கிறார்கள், கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

மாற்றம் எல்லோருக்குமாக வந்தது. சீனி வருத்தம் உள்ள அப்பப்பாவும் சீனியில்லாத பிளேன்ரீக்கு மாறினார் (முணுமுணுத்தபடிதான்). பால் கோப்பைக்கு மாறியது, சீனி போனது. பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கௌபி. சைக்கிள் பயணத்தை மட்டும் நான் நிறுத்தவில்லை. கடைக்குப் பதிலாகக் குளக்கட்டுக்குப் போய், பொடியனை இறக்கி ஓட விடச் சொன்னேன். அவனுக்கு வேண்டியது அப்பப்பாவோடு ஊர் சுற்றுவது, சோடா இரண்டாம்பட்சம்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க உளவியலாளர் லெனாட் எப்ஸ்டைனின் குழு 1990இல் வெளியிட்ட 10 ஆண்டுத் தொடர் ஆய்வில், பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிய பிள்ளைகளுக்கே பலன் நிலைத்தது. அவர்கள் கொஞ்சம் பெரிய பிள்ளைகள். சின்னவர்களுக்குப் பெரியவர்களை விட்டால் வேறு வழியே இல்லை, கடைக்குத் தனியாகப் போகவா போகிறார்கள்?

சரி, நிறை குறைய வேண்டுமா? இந்த வயதில் அநேகமாக வேண்டாம். வருடத்துக்கு 6, 7 சென்ரிமீற்றர் உயரும் பிள்ளைக்கு நிறை ஏறாமல் நின்றாலே பெரிய முன்னேற்றம். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளை சொல்லட்டும். "போதும்" என்றால் கிண்ணத்தோடு பின்னால் ஓடாதீர்கள். 2 முதல் 4 வயது வரை போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டு நேரத்தில் அதுவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நிறை ஏறியும் உயரம் ஏறாமல் நிற்கும் பிள்ளைக்குத் தைரொயிட் போன்ற வேறு காரணம் இருக்கலாம். வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.