கண்காணிப்பு: 'மானிட்டரிங்' என்ற சொல்லும் அதற்குள் இருக்கும் எச்சரிக்கையும்

'மானிட்டர்' இலத்தீன் வழி வந்த சொல். அதன் வேர் 'மொனேரே': நினைவூட்டு, எச்சரி. ஆகவே மானிட்டர் என்பவர் முதலில் எச்சரிப்பவர், பார்ப்பது பிறகு சேர்ந்த வேலை. வகுப்பு மானிட்டர் என்ற வழக்கும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் பள்ளிகளில் அவரைச் சட்டாம்பிள்ளை என்றார்கள். மேசைமேல் இருக்கும் மானிட்டருக்குத் 'திரை' போதும்.

வலையமைப்பையும் சர்வர்களையும் மானிட்டர் செய்வதற்குத் தமிழில் 'கண்காணிப்பு' நிலைத்துவிட்டது. 'கண்காணி' திருமந்திரத்திலேயே வருகிறது. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர்களை மேற்பார்த்தவர் கங்காணி. அந்தப் பெயர் ஆங்கிலத்துக்கும் போயிற்று. இவ்வளவு வேரோடிய சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்கத் தேவையில்லை. ஆனால் இது பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் 'அலர்ட்'டுக்கு 'எச்சரிக்கை' என்ற சொல்லையும் உடன் வைத்தே பேச வேண்டும். வியப்பு என்னவென்றால், 'அலர்ட்' இத்தாலிய மொழியில் மேட்டில் நின்று காவல் பார்ப்பதைக் குறித்த தொடரிலிருந்து வந்தது. இரண்டு சொற்களும் பொருளை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

பார்ப்பதில் இரண்டு வழி உண்டு. வலையமைப்புக் கருவிகளின் நிலையைக் கேட்டறிய உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில் கண்காணிப்பு சர்வர் யு.டி.பி. (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி கேட்காத அனுப்பு முறை) 161ஆம் போர்ட்டில் ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் குறித்த இடைவெளியில் கேட்கும். இது 'போலிங்', தமிழில் வினவல். கருவி தானாகவே 162ஆம் போர்ட்டுக்குச் செய்தி அனுப்பினால் அது 'டிராப்'. 'பொறி' என்று மொழிபெயர்த்தால் எலிப்பொறிதான் நினைவுக்கு வரும். 'தன்னறிவிப்பு' பொருந்தும். டிராப் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்குத் தெரியாது. அறுந்த இணைப்பின் வழியாகவே அது போக வேண்டியிருந்தால் யாருக்கும் செய்தி வராது. எனவே டிராப்பை மட்டும் நம்பக் கூடாது, வினவலும் ஓட வேண்டும்.

வினவலிலும் ஒரு குழி இருக்கிறது. இன்டர்ஃபேஸில் (கருவியின் வலையமைப்பு இணைப்பு முனையில்) போன பைட்டுகளை எண்ணும் பழைய எண்ணி 32 பிட் கொண்டது. 4,294,967,295 வரை எண்ணிவிட்டுப் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் சுமார் 34 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வினவினால் இடையில் 8 சுற்று காணாமல் போகும். ஒரு சுற்றுக்கு மேல் கணக்கில் வராததால் வேகத்தைக் காட்டும் வரைபடம் நொடிக்கு 115 மெகாபிட்டைத் தாண்டவே தாண்டாது. இணைப்பு திணறிக்கொண்டிருக்கும், திரையோ எல்லாம் சரி என்று காட்டும். 64 பிட் எண்ணியை எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பில் அது கிடையாது, 2சி அல்லது 3ஆம் பதிப்பு வேண்டும்.

'த்ரெஷோல்ட்' என்பதற்கு 'வரம்பு' நல்ல சொல். எல்லா வட்டுக்கும் 90 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை என்று வரம்பு வைப்பது பரவலான வழக்கம், ஆனால் சரியன்று. 100 ஜி.பி. வட்டில் மிச்சம் 10 ஜி.பி., 10 டி.பி. வட்டில் மிச்சம் 1 டி.பி. முன்னது இன்றிரவே நிரம்பலாம், பின்னது மாதக்கணக்கில் தாங்கலாம். நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணிப்பின் மேல் வரம்பு வைத்தால் எச்சரிக்கை உரிய நேரத்தில் வரும். லினக்ஸில் ஐநோடுகளையும் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவுகள்) சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை தீர்ந்துபோனால் இடம் மிச்சமிருந்தும் புதுக் கோப்பு உருவாகாது.

நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் சோதனை நிரல்கள் நான்கு எண்களில் ஒன்றைத் திருப்பித் தரும்: 0 சரி, 1 எச்சரிக்கை, 2 நெருக்கடி, 3 தெரியவில்லை. பலர் மூன்றுக்கு அறிவிப்பே வைப்பதில்லை, அதனால் நிலை தெரியாமல் போனதே யாருக்கும் தெரியாது. பிராமிதியஸ் என்ற மற்றொரு கண்காணிப்பு மென்பொருளிலும் இதே தொல்லை உண்டு. அளவீடு வருவது நின்றுபோனால், 'மதிப்பு 90க்கு மேலா' என்ற விதிக்கு ஒப்பிட எதுவும் கிடைக்காது, எச்சரிக்கை எழாது. அளவீடு வரவில்லை என்பதற்கே தனி விதி எழுத வேண்டும். அளவீட்டைக் கேட்டபோது பதில் கிடைத்ததா என்று காட்டும் 'அப்' என்ற அளவீடு பூச்சியமா என்று பார்ப்பது ஒரு வழி. அந்த அளவீட்டுத் தொடரே இல்லாமல் போனால் பிடிக்க 'ஆப்சென்ட்' என்ற சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது.