ஆறாத கால் புண்ணும் மஞ்சள் பற்றும்

பினாங்கில் நீரிழிவு உள்ள நம்மவர்கள் பலர், கால் புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய பிறகே கிளினிக்குக்கு வருகிறார்கள். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆனாலும் அந்தப் பற்று புண்ணை ஆற்றாது.

நாள்பட்ட புண்ணில் பாக்டீரியாக்கள் சர்க்கரைச் சங்கிலி, புரதம், டி.என்.ஏ. கலந்த பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. இதுதான் பயோஃபிலிம் எனும் கிருமிப் படலம். அடியில் இருப்பவை வளராமல் ஒடுங்கிக் கிடப்பதால், வளரும் கிருமியைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக் அவற்றிடம் பலிப்பதில்லை. சிலவேளை வழக்கமான அளவைப் போல 1,000 மடங்கு தேவைப்படும், உடல் தாங்காது.

தாவரச் சேர்மங்களை ஆய்வாளர்கள் நாடுவது இதனால்தான். பூண்டின் அஜோயீன், சூடோமோனாஸ் கிருமிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் சைகையைத் தடுக்கிறது. கிராம்பின் யூஜெனால் கிருமியின் சவ்வைச் சிதைக்கிறது. இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தட்டில் கண்ட பலன்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அடக்க, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் மஞ்சளின் குர்குமின் தேவைப்படுவதுண்டு. 8 கிராம் விழுங்கினாலும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்கூடச் சேர்வதில்லை.

பூசினால் என்ன? மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம்தான். அதுவும் நீரில் கரையாது. கொதியையும் தாங்கும் பாசிலஸ் கிருமியின் வித்துகள் தூளில் இருக்கக்கூடும். பற்று காய்ந்து ஓடானால் அடியில் சீழ் தேங்கும். சிவப்பு பரவுவதை மஞ்சள் நிறம் மறைத்துவிடும்.

முதல் வேலை, அந்தப் பயோஃபிலிம் பசையைச் சுரண்டி எடுப்பது. இதைக் கிளினிக்கில்தான் செய்ய வேண்டும்; உணர்வு மரத்த காலில் வீட்டு பிளேடு எலும்புவரை போனாலும் தெரியாது. சுரண்டிய மறுநாளே படலம் மீண்டும் கட்டத் தொடங்கி 3 நாளில் முற்றிவிடும். கிருமிநாசினிக் கட்டு பலிப்பது இந்த இடைவெளியில்தான். அதனால் குறித்த நாளில் கட்டு மாற்ற வாருங்கள். தேன் கட்டு என்றால் காமா கதிரால் தூய்மையாக்கிய மருத்துவத் தேன் மட்டுமே. பாசார் தேனில் கிளாஸ்டிரிடியம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். வீட்டில் கழுவ 0.9 சதவீத உப்புநீர் போதும்.

4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, கருத்த விரல் கண்டால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மஞ்சள், பூண்டு கேப்சூல் டப்பாவில் மால் எண் (MAL, மலேசிய மருந்துப் பதிவு எண்) 'டி' (T) என முடிந்தால், அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்றுதான் பொருள். தொற்றைக் குணமாக்கும் என்பதற்குச் சான்றல்ல. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மஞ்சள், பூண்டு கேப்சூல்களைத் தொடங்குமுன் மருந்தாளரிடம் டப்பாவையே காட்டுங்கள்; இரத்தக் கசிவு கூடும்.