உங்க நாய் தூங்கும்போது மூச்ச எண்ணிப் பாத்திருக்கீங்களா?

"டாக்டர், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு"ன்னு பதறிக்கிட்டு வர்றவங்கள நான் அடிக்கடி பாக்கறேன். நாய் கழுத்த நீட்டி வறட்டு வறட்டுன்னு இருமி கடைசியில வெள்ளையா நுரை துப்பும், அத பாத்தா யாருக்கும் ஏதோ சிக்கிக்கிச்சுன்னுதான் தோணும், வீட்டுலயே வாய்க்குள்ள விரல விட்டு தேடி கடி வாங்கிட்டு வர்றவங்களும் உண்டு. நிறைய பேர் விஷயத்துல எலும்பும் இருக்காது ஒண்ணும் இருக்காது, கென்னல் காஃப்ங்கற தொத்து இருமல்தான். போர்டெட்டெல்லாங்கற பாக்டீரியா, பாரா இன்ஃப்ளுயன்சா மாதிரி வைரஸ், இதெல்லாம் பல நாய் சேர்ற இடத்துல ஒண்ணுகிட்டேந்து ஒண்ணுக்கு தொத்தறது. நல்லா சாப்பிட்டு வால ஆட்டிட்டு இருந்தா பொதுவா ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும், அதுவரைக்கும் மத்த நாய்ங்க பக்கம் விடாதீங்க. குட்டியா இருந்து, காய்ச்சலும் மூக்குல கெட்டி சளியும் வந்து, சாப்பாட்ட தொடலன்னா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, நிமோனியாவா இருக்கலாம், தடுப்பூசி போடாத குட்டின்னா டிஸ்டெம்பர்ங்கற மோசமான வைரஸ் நோயாவும் இருக்கலாம்.

ஆனா எனக்கு உண்மையில பயம் சத்தம் போடற நாய பாத்து இல்ல, சத்தமே இல்லாம வேகமா மூச்சு விடற நாய பாத்துதான்.

ஒரு வயசான பொமரேனியன். "ராத்திரி பூரா படுக்கவே இல்ல டாக்டர், உக்காந்தே இருந்தான், வயசாயிடுச்சுல்ல, தூக்கம் வரலன்னு நெனச்சோம்"னாங்க. டேபிள்ல வெச்சா முன்னங்கால் ரெண்டையும் அகட்டி, கழுத்த முன்னால நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ள போயி போயி வருது. ஈறு வெளிறி லேசா நீலம் பாஞ்சிருந்துச்சு. அவனுக்கு தூக்கம் வராம இல்ல, படுத்தா மூச்சு முட்டுதுன்னு படுக்கல. இதய வால்வு தேஞ்சு நுரையீரல்ல நீர் கோத்திருந்துச்சு, சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வயசான காலத்துல நிறைய வர்றது. உடனே ஆக்சிஜன் வெச்சு, நீர் இறங்க ஊசி போட்டு, சாயங்காலம்தான் தலைய சாச்சு படுத்தான். விசாரிச்சா பத்து நாளாவே தூங்கும்போது வயிறு படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சாம்.

அதனால இத செய்ங்க. நாய் அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கறது ஒண்ணுன்னு வெச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 30க்குள்ள இருந்தா நல்லது. விளையாடிட்டு வந்தப்பவும் வெக்கையில நாக்க தொங்க போட்டு இரைக்கும்போதும் எண்ணாதீங்க, அது கணக்கு இல்ல. தூக்கத்துல திரும்பத் திரும்ப 30க்கு மேல வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. ஈறு நீலமாவோ சாம்பலாவோ இருந்தா எண்ணிட்டே நிக்காம கெளம்புங்க, வழியில மடியில மல்லாக்க போடாதீங்க, அது எப்படி உக்காருதோ அப்படியே விட்டுடுங்க.

பக், புல்டாக், ஷிட்சூ வெச்சிருக்கவங்க "இவன் குறட்டை விடறது அழகு"ம்பாங்க. மூக்குத் துவாரம் குறுகி, அண்ணம் நீண்டு மூச்சு வழிய அடைக்கறதுதான் அந்த சத்தம், வெயில்ல இவங்கதான் மொதல்ல சுருண்டு விழுவாங்க. வயசான லாப்ரடாருக்கு கொரைக்கற குரல் மாறினாலும் கவனிங்க, குரல்வளை சரியா திறக்காம போறதோட தொடக்கமா இருக்கலாம்.

கெஞ்சி கேக்கறேன், தலைய தூக்கிப் புடிச்சு வாயில சிரப்பயோ பாலையோ ஊத்தாதீங்க, அது நேரா நுரையீரலுக்குப் போயி அதுவே நிமோனியாவாகி வந்த நாய்ங்கள நான் பாத்திருக்கேன். நம்ம வீட்டு பாரசிட்டமால், இருமல் மருந்து எதையும் டாக்டர கேக்காம குடுக்காதீங்க. இருமற நாய்க்கு கழுத்துப் பட்டையில கயிறு மாட்டி இழுக்காம, நெஞ்ச சுத்தி மாட்டற பட்டை, ஹார்னஸ் போடுங்க.

இன்னொண்ணு, வீட்டுல அப்படி இருமற நாய் க்ளினிக்குல டேபிள் மேல ஏறினதும் கப்சிப்புன்னு ஆயிடும். அதனால இருமும்போது, மூச்சு இழுக்கும்போது போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. மூக்கால சர்ரு சர்ருன்னு உள்ள இழுக்கற தும்மலா, இருமலா, மூச்சுத் திணறலான்னு அந்த அரை நிமிஷத்துலயே எனக்கு பாதி தெரிஞ்சுடும்.