நாலுக்கு ஒன்று, ஐந்தில் ஒன்று

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆறாவது, ஏழாவது படிக்கிற நாலைந்து பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லித் தருகிறேன். விகிதம் தொடங்கிய அன்று இட்லி மாவைத்தான் கேட்டேன். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போடுகிற வீட்டில், ஊரிலிருந்து ஆள் வந்ததால் ஆறு டம்ளர் அரிசி ஊறப்போட்டால் உளுந்து எவ்வளவு? மூன்று என்றார்கள். அரிசி இரண்டு கூடியது, அதனால் உளுந்தும் இரண்டு கூடணுமாம்.

இதைக் கவனக்குறைவு என்று திட்டக்கூடாது. சின்ன வயதிலிருந்து கூட்டல் கழித்தலிலேயே பழகியவர்களுக்கு 4, 6 என்று பார்த்ததும் முதலில் தெரிவது நடுவில் இருக்கும் இரண்டு, மடங்கு இல்லை. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் இதற்கென்றே ஒரு புதிர் வைத்திருந்தார்: குள்ளரின் உயரம் 4 பொத்தான், நெட்டையரின் உயரம் 6 பொத்தான், குள்ளரையே பேப்பர் கிளிப்பால் அளந்தால் 6 வருகிறது, அப்படியானால் நெட்டையருக்கு எத்தனை கிளிப்? 9. ஆனால் அடிக்கடி வந்த தப்பு விடை 8, அதாவது எங்கள் மாடியில் வந்த அதே தப்பு.

சூத்திரம் சொல்லித் திருத்தினால் அது பரீட்சை வரைக்கும்தான் நிற்கும். அவர்கள் விதியையே கொஞ்சம் ஓடவிட்டேன். சரி, இரண்டே டம்ளர் அரிசி போட்டால்? அரிசியில் இரண்டு குறைந்தது, உளுந்திலும் இரண்டு குறையணும். "மிஸ், மைனஸ் ஒரு டம்ளர் உளுந்தா?" என்று ஒருத்தி சிரித்துவிட்டாள். பாதி அரிசிக்குப் பாதி உளுந்து என்று அவளே சொன்னாள், அப்புறம் நாலுக்கு ஒன்றும் இரண்டுக்கு அரையும் சேர்ந்து ஆறுக்கு ஒன்றரை என்று வந்து நின்றது.

பள்ளியில் இவர்கள் 4:1 என்பதை 'ஃபோர் இஸ் டு ஒன்' என்று படிக்கிறார்கள். நான் அந்த இரண்டு புள்ளியை 'க்கு' என்று படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவும் பாட்டியும் விகிதத்தை அந்த ஓர் உருபில்தான் வைத்திருக்கிறார்கள். காபித்தூளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். 80-20 கலவை அரைக்கிலோ வாங்கினால் காபி 400 கிராம், சிக்கரி 100 கிராம். இதுவும் 4:1தான். ஆனால் பொட்டலத்தில் சிக்கரி எவ்வளவு பங்கு என்றால், கால் பங்கு என்று பாதிப் பேர் சொல்வார்கள். காபி நாலுக்கு சிக்கரி ஒன்று, மொத்தம் ஐந்தில் ஒன்று. 'க்கு' வந்தால் பங்கோடு பங்கு, 'இல்' வந்தால் முழுசோடு பங்கு.

கிளம்பும்போது ஒரு பையன் கேட்டான்: அவனுக்கு ஆறு வயதானபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு, அப்போது இரண்டு மடங்கு, இப்போது அவனுக்குப் பன்னிரண்டு என்றால் அண்ணனுக்கு இருபத்து நாலா? அண்ணன் பத்தாவதுக்கு மேல் போய் ரெண்டு வருஷம்தான் ஆகிறது. வயதில் மாறாமல் நிற்பது அந்த ஆறு வருஷ இடைவெளி, மடங்கு இல்லை, அங்கே கூட்டல்தான் சரி. அடுத்த வகுப்பில் மாவுக் கணக்கும் வயதுக் கணக்கும் கலந்து கொடுக்கப் போகிறேன்.