டேப்பில் புத்தகம் படிக்கிறீர்களா? முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்

"கண் எரியுது டாக்டர், சாயங்காலம் ஆனா நெத்தி வலிக்குது, பவர் மாறியிருக்கும்னு நினைக்கிறேன்." இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைச் சோதித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் பவர் மாறியிருப்பதில்லை. எதில் படிக்கிறீர்கள் என்று கேட்டால் டேப்லெட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். கண் மருத்துவராக நான் இப்போது கண்ணைப் பார்க்கும் அளவுக்கு அந்த டேப்பையும் பார்க்கிறேன், ஏனென்றால் கடையில் வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக்கொண்டுதான் பலரும் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு பெண்மணி வந்தார். வயது 38. கண்ணாடி இல்லாமலே தூரமும் கிட்டமும் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அரை மணி நேரம் படித்தால் தலைவலி, புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரம் சில நொடிகள் கலங்கித் தெரிகிறது. வீட்டில் எப்படிப் பிடித்துப் படிப்பீர்களோ அப்படியே பிடித்துக் காட்டுங்கள் என்றேன். 8 அங்குல டேப். திரையில் ஒரு பிடிஎஃப் நாவல், முழுப் பக்கமும் திரைக்குள் அடங்கியிருந்தது. அளவுநாடாவை எடுத்து அளந்தேன், கண்ணுக்கும் திரைக்கும் 24 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறார், அது அவருக்கே தெரியவில்லை.

அதே நாவலின் இபப் கோப்பு, அதாவது எழுத்தின் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய மின்னூல் வடிவம், அவர் கையில் இருந்தது. அதைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினேன், வேறு எதையும் மாற்றவில்லை, இன்னும் தள்ளிப் பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கம் படியுங்கள் என்று கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். திரும்பி வந்து அளந்தால் 41 சென்டிமீட்டர். கை தானாகவே நீண்டுவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், டேப்பில் படிக்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. எழுத்து சிறிதாக இருந்தால் திரை முகத்தை நோக்கி வரும். 40 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணின் உள்தசை 2.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அதே அலகு) அளவுக்கு வேலை செய்ய வேண்டும், 24 சென்டிமீட்டரில் அது 4-ஐத் தாண்டிவிடும். 38 வயதில் ஒருவரால் அதிகபட்சம் 6, 7 டயாப்டர் வரை முயல முடியும் என்றாலும், அதில் பாதியாவது கையிருப்பில் இருந்தால்தான் நெடுநேரம் சிரமமில்லாமல் படிக்க முடியும். போதாக்குறைக்கு இரண்டு கண்ணும் உள்பக்கமாகத் திரும்பியே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முஷ்டியை இறுக்கி வைத்துவிட்டுச் சட்டென்று விரித்தால் விரல்கள் உடனே பழைய நிலைக்கு வராது இல்லையா, கடிகாரம் கலங்கியதும் அப்படித்தான்.

சரி, எவ்வளவு பெரிதாக்குவது? நான் சொல்லும் வழி இதுதான். டேப்பை 40 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், அதாவது முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தில் விரல் மடக்கிய கையை வைத்துக்கொள்ளும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த இடத்திலிருந்து எழுத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கண்ணைச் சுருக்கினால்தான் படிக்க முடியும் என்று ஓர் அளவு வரும். அதைப்போல் இரண்டு மடங்கு உங்கள் அளவு. முதல் நாள் குழந்தைகள் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், பக்கத்துக்குக் கொஞ்சம் வரிகள்தான் வருகின்றன என்று சலிப்பாகவும் இருக்கும். மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். பக்கம் திருப்ப விரலால் ஒரு தொடு தொட்டால் போதும், அதற்காகக் கண்ணை வருத்த வேண்டியதில்லை.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு நம் எழுத்துக்குப் போதாது. புள்ளி, விசிறி, கொம்பு, சுழி என்று சின்னச் சின்ன உறுப்புகளில்தான் பொருளே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டியதால்தான் பெறு என்பதையும் பேறு என்பதையும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்துகிறோம், எழுத்து சிறுத்துப்போனால் அந்தச் சுழி ஒரு கறையாகத்தான் தெரியும். மூளை முன்பின் சொற்களை வைத்து ஊகித்துக்கொள்ளும், படிப்பது நிற்காது, ஆனால் பத்து வரிக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் படிப்பீர்கள், களைப்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வரிகளுக்கு இடையே இடைவெளியும் தாராளமாக வேண்டும், ஒன்றரை மடங்கு வைத்தால் மேல்வரி எழுத்தின் அடிவளைவும் கீழ்வரி எழுத்தின் மேல்வளைவும் முட்டிக்கொள்ளாது. இன்னொன்று, செயலிகள் இரண்டு ஓரமும் நேராக வரும்படி வரிகளை இழுத்துப் பிடிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒரு வரியில் நான்கைந்து சொல்தான் அடங்கும், அவற்றை இழுத்துப் பரப்பினால் நடுநடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும்படி மாற்றிவிடுங்கள், சொல்லை நடுவில் உடைத்துக் கோடு போடும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இதெல்லாம் இபப் கோப்பில்தான் நடக்கும். பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தின் படம் மாதிரி, எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், 8 அங்குல டேப்பின் திரை அகலம் சுமார் 11 சென்டிமீட்டர். ஆக 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து கிட்டத்தட்ட 6 புள்ளியாகிவிடும், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாளில் இருப்பதுபோல. 10 அங்குல டேப்பிலும் 9 புள்ளிக்கு மேல் வராது. அதனால் ஒரே புத்தகம் இரண்டு வடிவத்திலும் கிடைத்தால் யோசிக்காமல் இபப் எடுங்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப், ஏ4 பிடிஎஃப் இரண்டோடு 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப் கோப்பும் கிடைக்கிறது, சின்ன டேப் வைத்திருப்பவர்களுக்கு ஏ4 கோப்பைவிட அது எவ்வளவோ மேல். பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கும், அதற்கு வேறு வழி இல்லை என்றால் டேப்பைப் படுக்கைவசமாகத் திருப்பி, பக்க ஓரத்து வெள்ளையை வெட்டிவிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி பல வாசிப்புச் செயலிகளில் இருக்கிறது. கூடவே திரை தானாகச் சுழல்வதையும் பூட்டிவிட்டால், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்ததும் பக்கம் புரண்டுபோகாது.

இப்போது வெளிச்சம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் இரண்டாவதாக வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டேப்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குபோல ஒளிர்ந்தால் வெளிச்சம் அதிகம், தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு, இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை மாற்றுங்கள். அறைக்கு அறை, நேரத்துக்கு நேரம் இது மாறும் என்பதால் தானியங்கி வெளிச்சத்தை இயக்கி வைப்பது நல்லது. இருட்டறையில் திரை மட்டும் ஒளிர்ந்தால் கண்மணி எதற்கு ஏற்ப விரிவது என்று தவிக்கும், அதனால் பின்னால் ஒரு சிறு விளக்காவது எரியட்டும். விளக்கை முன்னால் வைத்தால் கண்ணாடித் திரையில் பிரதிபலிக்கும். மிகக் குறைந்த வெளிச்சமும் கூசுகிறது என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு 12 முதல் எக்ஸ்ட்ரா டிம் என்ற வசதி இருக்கிறது, ஐபேடில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ரெட்யூஸ் வைட் பாயிண்ட் இருக்கிறது.

ஓஎல்இடி திரை உள்ள டேப்பில் வெளிச்சத்தை ரொம்பக் குறைத்ததும் தலைவலி வருகிறது என்று சிலர் சொன்னால் அதை நான் அலட்சியம் செய்வதில்லை. அத்தகைய திரைகள் பல, ஒளியைக் குறைப்பதற்குப் பதிலாக வேகமாக அணைத்து ஏற்றிக் குறைந்ததுபோலக் காட்டுகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு, செயலியில் பக்கத்தின் நிறத்தைப் பழுப்பாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இல்லை. பின்னணி இருண்டால் கண்மணி விரியும், விரிந்த கண்மணியில் குவியம் துல்லியமாக இருக்காது, கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் பூத்துப்போனதுபோலத் தெரியும். பகலில் வெளிர் பின்னணியில் கரிய எழுத்துதான் பலருக்கும் சுகம். விளக்கணைத்த அறையில், பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது படிக்க வேண்டுமானால் கறுப்புப் பின்னணி வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தையும் இன்னும் ஒரு படி கூட்டிவிடுங்கள்.

நீல ஒளியைப் பற்றி நேரடியாகவே சொல்கிறேன். டேப்பின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வெளியே நிற்கும்போது சூரியனிடமிருந்து வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு. நீல ஒளி வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வந்த, மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அதற்குச் செலவழிக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வேறு விஷயம். 2014 இறுதியில் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரைப் படுக்கும் முன் 4 மணி நேரம் 5 இரவுகள் டேப்பிலும் அதேபோல் 5 இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்தார்கள். டேப்பில் படித்த இரவுகளில் தூக்கம் பிடிக்கச் சராசரியாக 10 நிமிடம் கூடுதலாக ஆனது. அங்கே திரை முழு வெளிச்சத்தில் இருந்தது என்பதையும் கவனியுங்கள். ஆகவே இரவில் திரையின் நீலத்தைக் குறைக்கும் நைட் லைட் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிடாமல் வெளிச்சத்தையும் இறக்குங்கள்.

கண் எரிச்சலுக்குப் பெரிய காரணம் இமைக்க மறப்பதுதான். 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து எழுதினார்கள்: சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைக்கிறவர்கள் புத்தகம் படிக்கும்போது 10, கணினித் திரை முன்னால் 7. இமைக்காவிட்டால் கண்ணீர்ப் படலம் காயும். மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடித்தால் இன்னும் வேகமாகக் காயும், எனவே உட்காரும் இடத்தை மாற்றுங்கள். திரை கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இமை பாதி மூடியிருக்கும், காய்வது குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள் என்று சொல்வது வழக்கம். கதை நடுவில் கடிகாரம் பார்க்க யாருக்கு மனம் வரும்? அத்தியாயம் முடியும்போதெல்லாம் டேப்பைக் கீழே வைத்து, கண்ணை முழுதாக மூடித் திறந்து பத்துமுறை இமைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், அதுவே நல்ல பலன் தரும்.

நாற்பதைத் தாண்டி, தூரப் பவரும் படிக்கும் பவரும் ஒன்றாக உள்ள புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டேப்பை ஸ்டாண்டில் முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்துப் படிக்கிறார்கள், கழுத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியில் படிக்கும் பவர் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. நேராக இருக்கும் திரையை அதன் வழியாகப் பார்க்க முகவாயை மேலே தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், சுமார் 5 கிலோ எடையுள்ள தலையை அப்படியே ஒரு மணி நேரம் தாங்கினால் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? கழுத்து வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கண்ணுக்காக வந்தவர்கள் உண்டு. டேப்பை மார்பு உயரத்துக்கு இறக்கி, மேல்விளிம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்தால் கண் மட்டும் தாழ்ந்தால் போதும். படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இந்தக் கண்ணாடி உதவவே உதவாது, படிப்பதற்கென்று ஒரே பவர் உள்ள தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்துப் படித்தால் ஒரு கண்ணுக்கு அருகிலும் மறு கண்ணுக்குத் தள்ளியும் திரை வரும், ஒரு பக்க நெற்றி மட்டும் வலிக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

குழந்தைகள் கையில் டேப் இருந்தால் தூரம் இன்னும் குறையும், அவர்கள் கண் எவ்வளவு அருகிலும் குவியும் என்பதால் வலியென்று சொல்லவும் மாட்டார்கள். முகம் பார்த்துத் திறக்கும் ஐபேடாக இருந்தால் ஸ்கிரீன் டைம் பகுதியில் ஸ்கிரீன் டிஸ்டன்ஸ் என்பதை இயக்கிவிடுங்கள், 30 சென்டிமீட்டருக்குள் நெடுநேரம் பிடித்தால் திரையை மறைத்துத் தள்ளி வைக்கச் சொல்லும்.

இவ்வளவையும் சரிசெய்து இரண்டு வாரம் கழித்தும் வலியோ எரிச்சலோ குறையவில்லை என்றால் கண்ணைக் காட்டுங்கள். திடீரென்று மின்னல்போலப் பளிச்சிடுவது, திரைச்சீலை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைவது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவது, நேர்வரி வளைந்து தெரிவது, கண் சிவந்து வலிப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் டேப்பைக் குறைசொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். மற்றபடி சாதாரணப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் படிக்கும் கண்ணாடியோடு டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள், எந்தத் தூரத்தில் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் பிடித்துக் காட்டுங்கள். படிக்கும் பவரை அந்தத் தூரத்துக்கு வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.