விரலில் எறும்பு ஊர்கிறதா? நல்லதுதான்

மணிக்கட்டில் நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர், அன்று இரவே நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும்போது அடுத்த குழப்பம் தொடங்கும். மூன்று வாரம் ஆகியும் உள்ளங்கையை ஊன்றி எழ முடியாது. விரல் நுனி மரத்தது மரத்தபடியே இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதுவரை இல்லாத புதுத் தொல்லையாக விரலுக்குள் சுருக் சுருக்கென்று மின்சாரம் பாயும். ஆபரேஷன் சொதப்பிவிட்டதோ?

பெரும்பாலும் இல்லை. அறுவை மருத்துவர் செய்தது ஒரே ஒரு வேலை: நரம்புக்கு இடம் விட்டார். நரம்பை அவர் சரிசெய்யவில்லை, சரிசெய்யவும் முடியாது. அதை நரம்பேதான் செய்துகொள்ள வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி வேகத்தில் தேறுவதால்தான், குணமாகும் வரிசை இப்படிக் குளறுபடியாகத் தெரிகிறது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேச்சுத் தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். புறங்கையில் புடைத்துத் தெரியும் நீலக் குழாயையும் நரம்பு என்போம். அது சிரை, ரத்தக் குழாய். மணிக்கட்டை மடக்கினால் கயிறு போல எழும்புவதையும் நரம்பு என்போம். அது தசைநாண், தசையையும் எலும்பையும் கட்டும் கயிறு. இங்கே நாம் பேசுவது மூன்றாவதைப் பற்றி: மூளைக்கும் விரலுக்கும் இடையே செய்தி போய்வரும் கம்பி.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு வளைவான பள்ளம் போல அமைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்துக்கு மேலே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, ஒரு தடித்த தசைநார் (எலும்பையும் எலும்பையும் கட்டும் பட்டை) கூரை போட்டது போலப் படர்ந்திருக்கிறது. இதுதான் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் இதற்குள் ஓடுகின்றன. அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் நரம்பும் போகிறது. கூட்டத்திலேயே மென்மையான ஆள் அதுதான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று இவ்வளவு இடத்தின் தொடு உணர்வும் அதன் பொறுப்பு. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு, வேறு வழி. ‘எல்லா விரலும் மரத்துப்போகிறது, சுண்டு விரல் மட்டும் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், மருத்துவருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சுரங்கத்துக்குள் சாதாரணமாக இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு, பாதரசக் கணக்கில் 10 மில்லிமீட்டருக்கும் கீழே. நோய் வந்த கையில் அது 30-ஐ ஒட்டிப் போகிறது. மணிக்கட்டை நன்றாக மடக்கினால் இன்னும் பல மடங்கு ஏறும். தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிப் படுப்பதால்தான் இரவில் தொல்லை அதிகம்.

இந்த அழுத்தத்தில் முதலில் அடிபடுவது ரத்த ஓட்டம். நரம்புக்கும் உணவு வேண்டும். அதற்குள் ஓடும் நுண்ணிய சிரைகள் 20, 30 மில்லிமீட்டரிலேயே திணற ஆரம்பிக்கின்றன. நரம்பு வீங்குகிறது, வீங்கியதால் இடம் இன்னும் குறைகிறது. இது மாதக்கணக்கில் நீடித்தால், நரம்புக்குள் ஓடும் இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை நைந்துபோகும். மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை போன்றது அது. அது சரியாக இருந்தால் செய்தி நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். நைந்தால் தயங்கித் தயங்கிப் போகும், சில இழைகளில் நின்றேவிடும். அதற்குப் பிறகும் விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் இழையே, அதாவது ஆக்ஸானே, அறுந்து அழுகும். ஆக, ஒரே கையில் மூச்சுத் திணறும் இழை, உறை கிழிந்த இழை, செத்துப்போன இழை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம்.

கூரையை வெட்டிவிட்டதும் முதல் வகைக்கு உடனே உயிர் வருகிறது. ரத்தம் பாய்கிறது, இரவுக் குடைச்சல் சில நாளில், சிலருக்கு அன்றைக்கே, அடங்கிவிடுகிறது. முதல் இரவின் நல்ல தூக்கம் இதனால்தான்.

உள்ளங்கை வலி வேறு கணக்கு. வெட்டியது தேவையில்லாத ஒரு பட்டையை அல்ல. கட்டை விரல் மேட்டுத் தசைகளும் சுண்டு விரல் பக்கத்துத் தசைகளும் அந்தத் தசைநாரில்தான் வேர் பிடித்திருக்கின்றன. தசைநாண்கள் வெளியே துருத்தாமல் பிடித்துவைப்பதும் அதுதான். வெட்டிய இரண்டு முனைகளும் பழையபடி ஒட்டிக்கொள்வதில்லை, ஒட்டவும் கூடாது. இடைவெளியைத் தழும்புத் திசு நிரப்பி, முன்பைவிட நீளமான கூரையாகிறது. அது இறுகும் வரை கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடியில் இரண்டு பக்கமும் வலிக்கும், பாட்டில் மூடியைத் திறக்க வலு இருக்காது. தையல் பத்துப் பதினான்கு நாளில் பிரித்துவிடுவார்கள் என்பதால், அதோடு எல்லாம் ஆறிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பிடிமானம் திரும்ப ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட. இந்த வலிக்கும் நரம்புக்கும் சம்பந்தமே இல்லை. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டால் எவ்வளவோ பயம் மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் உறை கிழிந்த இழைகளில் ஷ்வான் செல்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். இழையைச் சுற்றிச் சுற்றி மயலினை மறுபடி சுருட்டுவது அவைதான். வாரக்கணக்கு, மாதக்கணக்கு வேலை. புது உறை பழையதைவிடக் கொஞ்சம் மெல்லியது, துண்டு துண்டாகவும் குட்டையாகவும் இருக்கும். அதனால் கை நன்றாகத் தேறிய பிறகும், நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையில் ‘குறைவு’ என்றே வரலாம். அந்தத் தாளைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

செத்த இழைகளின் கதைதான் நீளமானது. விரல் நுனிக்குப் போகும் தொடு உணர்வு இழையின் தலைமையகம் கழுத்துக்குள், தண்டுவடத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் வரை ஒரே செல். மணிக்கட்டில் அறுந்தால் அதற்குக் கீழே உள்ள பகுதி மட்டும் சாகும், மேலே இருப்பது பிழைத்துக்கொள்ளும். பிழைத்த முனையிலிருந்து புதுத் தளிர் கிளம்புகிறது. வேகம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ரொம்ப மெதுவாகத் தோன்றும், ஆனால் விரல் நகம் ஒரு மாதத்தில்தான் மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. நரம்பு அதைப் போலப் பத்து மடங்கு வேகம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாள். நீரிழிவு இருந்தாலும் வயதானாலும் இன்னும் கூடும்.

நல்ல வேளையாக வழி தவறும் ஆபத்து குறைவு. கத்தியால் நரம்பே அறுபட்டால், தளிர்கள் தாறுமாறாகக் கிளம்பி வேறு விரலுக்குப் போய்விடலாம். அழுத்தத்தில் இழை மட்டும்தான் செத்திருக்கும், அது ஓடிய குழாய் அப்படியே இருக்கும். தளிர் பழைய குழாய்க்குள்ளேயே நுழைந்து பழைய வீட்டுக்கே போய்ச் சேரும். பிரிட்டிஷ் மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943-ல் நரம்புக் காயங்களை வகைப்படுத்தியபோது இந்த வேறுபாட்டைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த எறும்புக்கு வருவோம். முளைத்துக்கொண்டிருக்கும் தளிரின் முனைக்கு இன்னும் உறை இல்லை, லேசாகத் தட்டினாலே துடிக்கும். 1915-ல், முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துவந்த பிரெஞ்சு மருத்துவர் ழூல் டினெல் இதைக் கவனித்தார். நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே போனால், தளிர் எட்டியிருக்கும் இடத்தில் விரல்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும். அவர் பிரெஞ்சில் வைத்த பெயருக்கே ‘எறும்பு ஊர்தல்’ என்றுதான் பொருள். நாமும் அதைத்தானே சொல்கிறோம்! வலி என்றால் நரம்பு உறுத்தப்படுகிறது, ஊர்ச்சல் என்றால் நரம்பு முளைக்கிறது என்று அவர் பிரித்துச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், போர்க்களத்தின் எதிர்ப்பக்கத்தில் பவுல் ஹோஃப்மன் என்ற ஜெர்மன் மருத்துவரும் அதே ஆண்டில் இதையே எழுதினார். ஆபரேஷனுக்கு முன்பு மணிக்கட்டைத் தட்டிப் பார்த்திருப்பார்களே, அதே தட்டல்தான். ஊர்ச்சல் எழும் இடம் வாரா வாரம் விரல் நுனியை நோக்கி நகர்ந்தால், தளிர் முன்னேறுகிறது என்று அர்த்தம்.

திரும்பி வரும் உணர்வு முதலில் விகாரமாகத்தான் வரும். லண்டனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட் இதைத் தன் கையிலேயே பார்த்தார். நோயாளிகள் சொல்லும் விவரம் போதவில்லை என்று, 1903 ஏப்ரல் 25 அன்று தன் இடது முன்கையில் தோல் உணர்வு நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார்! அப்புறம் நான்கு வருடங்களுக்கு மேல் கேம்பிரிட்ஜுக்குப் போய் நண்பர் ரிவர்ஸ் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, அவர் ஊசியாலும் பஞ்சாலும் சூடு, குளிராலும் சோதித்துக் குறித்துக்கொண்டார். ஊசிக் குத்து முதலில் திரும்பியது. அதுவும் அளவுக்கு மீறிய எரிச்சலாக. குத்திய இடம் ஒன்று, உணர்ந்த இடம் வேறு. பஞ்சு படும் மென்மை தெரிய இன்னும் நெடுங்காலம் ஆனது. இதிலிருந்து ஹெட் கட்டிய கோட்பாடு பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் சூடு, வலி முதலில், நுண்மையான தொடுதல் கடைசியில் என்ற வரிசையை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். சட்டைத் துணி உரசினால்கூட எரிகிறது என்றால், அது பெரும்பாலும் இந்த இடைக்காலம்.

மூளைக்கும் இதில் பங்கு உண்டு. விரலிலிருந்து செய்தி வராமல் போனால், மூளையில் அந்த விரலுக்கான இடத்தைப் பக்கத்துப் பகுதிகள் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் மெர்செனிக்கின் குழு 1980-களில் மீடியன் நரம்பை வெட்டிய குரங்குகளில் இதைக் காட்டியது. நரம்பு திரும்பியதும் மூளை மறுபடி பழக வேண்டும். அதனால்தான் பயிற்சி எளிமையாக இருக்கிறது: துண்டு, சாவி, காகிதம் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே தடவுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவி எது என்று சொல்லுங்கள். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டுவதும், வீக்கம் வடிய கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் வைத்திருப்பதும் இதோடு சேர்ந்தவை. காயம் சிவந்து சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், அல்லது முன்பு இல்லாத இடம் புதிதாக மரத்தால், அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்று மட்டும் திரும்பாமல் போகலாம்: கட்டை விரல் மேட்டின் தசை. மணிக்கட்டிலிருந்து சில சென்டிமீட்டர்தான், தளிர் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் செய்தி இல்லாமல் கிடந்த தசை ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் நரம்பை ஏற்கும் திறனையே இழந்துவிடுகிறது. அந்தக் காலக்கெடு ஆபரேஷன் நாளிலிருந்து ஓடுவதில்லை. நரம்பு செத்த நாளிலிருந்து ஓடுகிறது. மேடு வற்றிப் பள்ளமாகும் வரை காத்திருந்தவர்களுக்கு விரல் நுனியில் உணர்வு திரும்பினாலும், கட்டை விரல் பழைய பலத்துக்கு வராமலே போய்விடலாம்.